ஐஸ் பெட்டியில் வந்த பாடி

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஐஸ் பெட்டி வைத்து, தெருவே கூடி உட்கார்ந்திருந்தது. யாரும் சாகவில்லை. எல்லாம் ஒரு முயலால் வந்தது. அந்த முயலை நான் பார்த்ததுகூட இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் 'கீது' என்று சொன்னால் அவள் 'இருக்கிறது' என்று எழுதுகிறாள். போகட்டும், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். நான் பேசியதையும்தான்.

நாற்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரம் தெருக்களில் கூடையில் சுமந்து விற்றவள் நான். முட்டி போனதும் மகன் என்னைத் திருவொற்றியூருக்குக் கூட்டிவந்துவிட்டான். அவனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். நானும் பேத்தியும்தான் வீட்டில். அவள் பெரிய படிப்பு படிக்கிறாள். டாக்டர் பட்டம் என்றார்கள், ஊசி போடுவாள் என்று நினைத்து நானும் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவளும் என்னைப்போல மீன்தான் அறுக்கிறாள். நான் அறுத்தால் குழம்பு, அவள் அறுத்தால் படிப்பு. செதில் எடுக்க மட்டும் இன்னும் என்னிடம்தான் வருவாள்.

எண்ணூர் ஆற்று மடவை மீன்தான் அவள் பாடம். ஆற்றில் சாம்பல் கலக்கிறது, சுடுதண்ணீர் கலக்கிறது, எண்ணெய் கலக்கிறது. அதில் கிடக்கிற மீனுக்கு உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். ஒருநாள் சோறு தின்னும்போது நானே கேட்டேன்.

"மீனுக்கு உள்ள இன்னாத்தடி பாக்குற? குடலும் கொழுப்பும் தான கீது?"

"அதுக்கும் உள்ள ஆயா. ஒடம்பெல்லாம் சின்னச் சின்ன ரூமு மாதிரி. ஒவ்வொரு ரூம்லயும் அடுப்பு கீது. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அது எரிஞ்சாத்தான் மீனு நீஞ்சும். நீயும் நானும் நடக்குறதும் அப்டித்தான்."

"இன்னா அடுப்பு? கேஸா?"

"உன் பழைய ஸ்டவ்வுனு வெச்சிக்கோ. அதுல திரி இருக்கும்ல? அந்த மாதிரி ஒரு புரோட்டீன் கீது அதுக்குள்ள. எண்ணூர் மீனுக்குத் திரி எவ்ளோ கீது, அழுக்கு சேராத பழவேற்காட்டு மீனுக்கு எவ்ளோ கீதுன்னு பாக்கணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வாழ்ந்தவளுக்குத் திரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? திரி தேய்ந்துபோனால் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் புகைதான் வரும், சோறு வேகாது.

அந்தத் திரியைக் கண்ணால் பார்க்க முடியாதாம். அதைத் தேடிப் பிடிக்கத்தான் ஆன்டிபாடி. ஆயிரம் சாமான் கலந்து கிடந்தாலும் தன்னுடைய சாமானைக் கண்டுபிடித்து அதில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளுமாம். எனக்கு ராயபுரத்தில் ஒரு வாடிக்கைக்கார அம்மா இருந்தார். கூடையில் எத்தனை மீன் இருந்தாலும் கையை அடிவரைக்கும் விட்டுக் கிழங்கான் ஒன்றை மட்டும் இழுப்பார். பார்க்கவே மாட்டார், தொட்டே எடுத்துவிடுவார். அந்தக் கை மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

அதை முயல் உடம்பில்தான் உண்டாக்குகிறார்களாம். முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் இருந்து எடுக்கிறார்களாம்.

"அந்த முயலு இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். பேத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த முயல் எனக்கு உறவு மாதிரி ஆகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஆன்டிபாடியை மனுஷன் உடம்புத் திரிக்காகச் செய்திருக்கிறார்கள். எங்கள் மடவைத் திரியில் அது ஒட்டுமா என்று யாரும் பார்த்ததில்லை. இவள் ஏற்கெனவே இரண்டு விதமாக வரவழைத்துப் போட்டுப் பார்த்தாள், இரண்டும் ஒட்டவில்லை. மூன்றாவதாக ஒன்று வரப்போகிறது, அதுவும் சாம்பிளுக்கு ஒரு சொட்டுதான் தருகிறார்கள், இதுவும் ஒட்டாவிட்டால் மடவையை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள் என்று அவளுடைய புரொபசரம்மா சொல்லிவிட்டார். மூன்று வருஷம் அந்தச் சேற்றில் இறங்கி ஏறியவள். அந்த ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நெத்திலி வறுத்து வைத்தாலும் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு சனிக்கிழமை. விடியும்போதே கிளம்பி எண்ணூர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் படகில்தான் எப்போதும் போவாள். அவன் ஆற்றில் வலை போடுகிறவன், அவன் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிறவள். எங்கள் வீட்டுப் படிக்கும் அவள் வீட்டுப் படிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. நான் படியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தேன், அவள் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன்.

"ஆயா, லேப்பு இன்னிக்கு மூடி கீதாம். கொரியர்காரரு வூட்டுக்கே எடுத்தாறேன்றாரு. ஆன்டிபாடி வருது. நல்லா கேட்டுக்கோ, ஐஸ் பெட்டியில வரும்."

"சர்டி. பாடி வந்தா நான் இன்னா பண்ணணும்?"

"வாங்கி ஃப்ரிட்ஜ்ல நடுத்தட்டுல வெய்யி. மேல ஃப்ரீஸர்ல வெச்சிடாத. உறைஞ்சா செத்துடும். அது செத்துச்சின்னா எல்லாம் போச்சி ஆயா..." அதற்குள் லைன் போய்விட்டது. ஆற்றுக்குள் போனால் டவர் இருக்காது.

பூக்காரி கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யாரு பாடி யக்கா?"

"எம் பேத்தியோடதுடி. ஐஸ் பெட்டியில எடுத்தாறாங்களாம்."

"என் ஆளு?"

"அவனும் அவகூடத்தான போனான். பின்னாடியே வருவான்."

எனக்கோ ஃப்ரிட்ஜில் இடம் பண்ண வேண்டுமே என்ற அவசரம். அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டேன்.  வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை அப்படியே உட்காரவைத்துவிட்டுப் போனேனே.

ஃப்ரிட்ஜில் இட்லி மாவு, மீன் குழம்பு, மருமகளுடைய முகத்துக்குப் பூசுகிற ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். தட்டை இரண்டு தரம் துடைத்தேன். முயலுக்கு மீன் வாடை ஆகாதோ என்னவோ என்று சோப்புப் போட்டு இன்னொரு தரம் துடைத்தேன். வெள்ளைத் துணி ஒன்றை நாலாக மடித்து விரித்தேன். அப்போது தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் 'டம்' என்றது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜும் நின்றது.

பேஜாராகப் போச்சே என்று வெளியே வந்தேன். வாசலில் ஷாமியானாவுக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் ஓடிவந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். இன்னொருத்தி சோடா உடைத்துக் கொடுத்தாள்.

"அழுதுடு யக்கா. உள்ளயே வெச்சிக்காத."

"எதுக்குடி அழணும், கரண்டு போனதுக்கா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதிர்ச்சியில கீது" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். எனக்குக் காது மந்தம்தான், ஆனால் என்னைப் பற்றிப் பேசினால் கேட்டுவிடும்.

பூக்காரியைத் தேடினேன். அவள் தன் படியில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கையில் போன். புருஷன் நம்பரைப் போட்டுப் போட்டு, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அது சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சாமந்தி மாலை, நல்ல கனமான மாலை, பாதியில் நின்றிருந்தது.

சங்கத்துப் பெரியவர் வந்தார். எங்கள் தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். "பாடி எப்ப வருது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"தோ வந்துடும்னாங்க பெரியவரே. ஆனா கரண்டு இல்லியே, வந்தா எங்க வெப்பேன்?"

"அத்தப் பத்திக் கவலப்படாத. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சி. ஜெனரேட்டரோட வருது."

எவ்வளவு நல்ல மனுஷர், என் பேத்தி படிப்புக்கு இத்தனை ஏற்பாடா என்று நெகிழ்ந்துவிட்டேன். நிஜமாகவே கண் கலங்கியது. என் கண்ணைப் பார்த்ததும் பெண்களெல்லாம் ஓவென்று ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பைக்கில் கொரியர்காரர் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆன்டிபாடி பார்சலு... இந்த வூடு தானா? இல்ல, நான் அப்பறமா வரட்டா?"

எல்லோரும் கப்பென்று நிறுத்தினார்கள். அவர் பையில் இருந்து வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றை எடுத்தார். தூக்குச்சட்டி அளவுதான் இருக்கும். பூக்காரி எழுந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இவ்ளோண்டா?" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. எனக்கு எழுத்துதான் தெரியாது, படம் தெரியும். ஆறு முனை வைத்து அழகான கோலம் ஒன்று போட்டு, அதன் குறுக்கே சிவப்பில் கோடு அடித்திருந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோலத்த அடிச்சி கீறாங்க. சாவு வூடு, கோலம் போடாதன்னு."

"ஐயே தாத்தா, அது கோலம் இல்ல" என்றார் கொரியர்காரர். "அது பனி. உறைய வெக்காதன்னு அர்த்தம். மருந்துப் பார்சல் எல்லாத்துலயும் போட்டிருக்கும். இது லேப்பு சாமான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மண்டையில் ஏறியது. பாடி, ஐஸ் பெட்டி, ஷாமியானா, மாலை, 'அவனும் பின்னாடியே வருவான்' என்று நான் சொன்னது.

"அடியே, இது முயலோட சமாச்சாரம்டி. என் பேத்தி படிப்புக்கு வந்தது. அவ நல்லா கீறா."

"என் ஆளு?"

"தண்ணியில கீறான்." அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தேன். "படகுலடி, படகுல. அவளோட மடவை புடிச்சிகினு கீறான்."

அவள் அப்படியே ரோட்டில் குந்திவிட்டாள். அதுவரை ஒரு சொட்டு அழாதவள் அப்போது அழுதாள் பாருங்கள், தெருவே அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. நான் கிட்டே போய்க் குனிந்தேன். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் என் கவலை தீரவில்லை. பெட்டியைத் திறந்து கையை வைத்தேன். நாற்பது வருஷம் ஐஸில் ஊறிய கை. உள்ளே இருந்த ஜெல் பை எல்லாம் தண்ணீராகத் தளதளத்தது, குளிர்ச்சி போய்க்கொண்டிருந்தது. நடுவில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பி. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டு. ஃப்ரிட்ஜோ செத்துக் கிடக்கிறது. ஐஸ் உடைத்துப் போடலாம் என்றால் எனக்குப் பயம். ஐஸ் நேராகப் பட்ட இடத்தில் மீன் தோலே வெந்த மாதிரி ஆகிவிடும், இந்த ஒரு சொட்டு எம்மாத்திரம்? பேத்திக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

சரியாக அந்த நேரத்துக்கு டெம்போ வந்தது. ஐஸ் பெட்டி, ஆள் நீளப் பெட்டி, மேலே கண்ணாடி மூடி, சுற்றிலும் சீரியல் லைட்டு. பின்னால் ஜெனரேட்டர். பெட்டிக்காரர் இறங்கி, பழக்கத்தில் எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டார்.

"பாடி எங்க கீது?"

நான் குப்பியை இரண்டு விரலில் பிடித்துக் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பெரியவர் விஷயத்தைச் சொன்னார், பாதி புரிந்திருக்கும். நான் குறுக்கே புகுந்து கேட்டேன்.

"நைனா, உன் பெட்டியில வெச்சா உறைஞ்சிடுமா?"

அந்தக் கேள்வி மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. தொழில் கேள்வி அல்லவா? நிமிர்ந்து நின்றார்.

"உறைய வுடவே மாட்டேன் ஆயா. உறைஞ்சா வெறைச்சிக்கும், குளிப்பாட்ட முடியாது, கையக் கால மடிக்க முடியாது. என் பெட்டி எப்பவும் நாலு டிகிரிலதான் நிக்கும். தோ, நம்பர் காட்டும் பாரு."

கொரியர்காரர் பெட்டி மேல் இருந்த எழுத்தைப் படித்தார். ரெண்டில் இருந்து எட்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது, நாலு சரியாக வரும் என்றார். பிறகென்ன. நான் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தேன். அந்த நீளப் பெட்டியின் நட்டநடுவில் விரித்து, ஒரு டம்ளருக்குள் குப்பியை நிறுத்தி வைத்தோம். மூடியை மூடினார்கள். ஜெனரேட்டர் ஓடியது. சீரியல் லைட்டு வேண்டாம் என்றேன், தனியாக அணைக்க முடியாதாம்.

போட்ட நாற்காலியை எடுப்பானேன் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். டீ வந்தது. நானும் பூக்காரியும் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். போகிற வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்கள். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்கள், டம்ளரைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் பூக்காரிதான் விளக்கம் சொன்னாள்.

"முயலும்மா. நம்ம மடவைக்கு வைத்தியம் பாக்க வந்து கீது."

வைத்தியம் இல்லை என்று நான் திருத்தவில்லை. அன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

மத்தியானம் தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. முழங்கால் வரைக்கும் சேறோடு பேத்தி இறங்கினாள், பின்னால் மீன் டப்பாவோடு பூக்காரி புருஷன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டு வாசல், ஷாமியானா, ஐஸ் பெட்டி. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஆயா" என்று ஒரு குரல். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பெட்டி மேல் வந்து விழுந்தாள்.

"இன்னாடி, கண்ணாடிய ஒடச்சிடாத" என்றேன் நான், பக்கத்து நாற்காலியில் இருந்து.

அவள் என்னைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பிடித்தாள், கையைப் பிடித்தாள், மடியில் தலையை வைத்துக்கொண்டாள். என் புடவை முழுக்க எண்ணூர் சேறு. இதை எழுதமாட்டேன் என்கிறாள் இப்போது. எழுது என்று நான்தான் பிடிவாதமாக இருக்கிறேன். கொஞ்சநேரம் கழித்துத்தான் கண்ணாடிக்குள் டம்ளர் இருப்பதைப் பார்த்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்து விக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் பூக்காரி தன் புருஷனைப் பிடித்து முதுகில் நாலு வைத்துக்கொண்டிருந்தாள், அவன் எதற்கு என்றே தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தான்.

மாலையை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. சாவுக்குக் கட்டினதைப் பிரித்து யார் தலையிலும் வைக்க மாட்டேன் என்று பூக்காரி சொல்லிவிட்டாள். கடைசியில் பெட்டிக்காரர்தான் வாங்கிக்கொண்டார். நாளைக்கே வேலைக்கு ஆகும் என்றார்.

சாயங்காலம் கரண்டு வந்தது. திங்கட்கிழமை குப்பி லேப்புக்குப் போனது. கொரியர் பைக்கில் வரும்போதே வெயிலில் அது செத்துப்போயிருக்குமா, உயிரோடு இருந்தாலும் எங்கள் மீனில் ஒட்டுமா, தெரிய நாலு நாள் ஆகும் என்றாள். அந்த நாலு நாளும் நான் படியைவிட்டு நகரவில்லை, பூக்காரியும்தான். திரிக் கதையை அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். நாலாம் நாள் போன் அடித்தது.

"ஆயா, கோடு வந்துடுச்சி."

 பூக்காரியின் கை நின்றது. பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிற கோடு என்று அவள் நினைக்க ஆரம்பித்துவிட்டதை அவள் கண்ணிலேயே பார்த்துவிட்டேன்.

"அடியே, எழுந்திரிக்காத. குந்து. முழுசா கேளு மொதல்ல" என்றேன் அவளிடம். பிறகு போனிடம், "இன்னா கோடுடி, பூக்காரிக்கும் வெளங்குறாப்ல சொல்லு" என்றேன்.

"ஆன்டிபாடி ஒட்டுன எடத்துல கறுப்பா ஒரு கோடு வரும் ஆயா. வந்துடுச்சி. நம்ம மடவையில ஒட்டிடுச்சி. பழவேற்காட்டு மீனுக்கு நல்லா தடியா வந்து கீது."

"நம்ம எண்ணூருக்கு?"

"வந்து கீது. கொஞ்சம் மெலிசா. நான் இன்னும் ரெண்டு மூணு தபா போட்டுப் பாக்கணும்."

போனை வைத்தேன். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது, முட்டிதான் விடவில்லை. என் பேத்தி மடவையை விட வேண்டாம். எங்கேயோ இருந்த ஒரு முயல், எண்ணூர் ஆற்றைக் கண்ணால் பார்க்காத முயல், எங்கள் மீனை இன்னார் என்று அடையாளம் கண்டுபிடித்துவிட்டது.

பூக்காரி இன்னும் இரண்டு பூவைக் கட்டினாள். அவள் வீட்டுச் சோறு அந்த ஆற்றில் இருந்து வருவது.

"மெலிசுன்னா இன்னா யக்கா? திரி தேஞ்சி போச்சா?"

"அப்டித்தான் தெரியுது."

"ஆனா எரியுதுல்ல?"

"எரியுதுடி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த பூவை எடுத்தாள்.